மூன்றாம் பந்திச் சாம்பார்

சுடர்விழிக்குக் கோபம் வந்தால் முதலில் இரண்டு காதும் சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். திறந்துவிட்டால் எதிரே நிற்பது யார், வயசென்ன, வசதியென்ன என்றெல்லாம் பார்க்காது. "இந்த வாயை வச்சுக்கிட்டு எந்த வீட்டுல போயிக் குடித்தனம் பண்ணப் போறாளோ" என்று அவள் அம்மா அம்சம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது அவள் ஊர். அதில் கடைசித் தெரு காலனித் தெரு. அப்பா வீரையன் ஒரு காலத்தில் ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர். இப்போது மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே நடுகிறார், தானே அறுக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் மகள் நல்ல மார்க் வாங்கியதும் நர்ஸுக்குப் படி, டீச்சருக்குப் படி என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். இவள் கேட்டரிங் படிக்கிறேன் என்றாள். பெரிய ஓட்டலில் செஃப் ஆகப் போகிறாளாம்.

"சோறாக்கறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு மூணு வருஷமா?" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அம்மா கேட்ட கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நாம ஆக்குனா யாருடி சாப்புடுவா?"

அம்சம் சும்மா கேட்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடத்தில் வேலை. ஆர்டரில் சமையல் உதவியாளர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக அரிசி களைந்தாள், காய் நறுக்கினாள், பாத்திரம் தேய்த்தாள். கொதிக்கிற குழம்பில் ஒரு நாள்கூடக் கரண்டியைப் போட விடவில்லை. விடாதே என்று யாரும் எழுதிக் கொடுக்கவுமில்லை. அதுதானே அவர்கள் சாமர்த்தியம். "நீ காயை நறுக்கு அம்சம், அடுப்பை நாங்க பாத்துக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே நறுக்குவாள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே சுடர்விழிக்குக் காது சிவந்துவிடும். அடுத்த வாரமே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

கல்லூரியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ருசி பார்ப்பது. வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் எப்போதும் இரண்டு ஸ்பூன் இருக்க வேண்டும். ஒரு ஸ்பூனால் பாத்திரத்திலிருந்து எடுத்து இன்னொரு ஸ்பூனில் ஊற்றவேண்டும். வாய்க்குப் போவது அந்த இரண்டாவது ஸ்பூன் மட்டும். வாயில் வைத்த ஸ்பூன் தப்பித்தவறிப் பாத்திரத்துக்குள் போனால் அன்றைக்கு அந்த மாணவர் கிச்சனை விட்டு வெளியே. சுடர்விழி தன் ஸ்பூன்களில் சிவப்பு நூல் ஒன்று, நீல நூல் ஒன்று கட்டிவைத்திருந்தாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை.

மூன்றாம் வருஷம் பரீட்சைக்கு முன்னால் பதினைந்து விசேஷங்களில் வேலை பார்த்திருக்க வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ, கல்லூரி சொல்கிற காண்ட்ராக்டர் கூடப் போகவேண்டும். என்ன சமைத்தது, எவ்வளவு, வேஸ்டேஜ் எவ்வளவு என்று லாக் புக்கில் எழுதி, கடைசியில் காண்ட்ராக்டர் கையெழுத்து. பதினைந்து கையெழுத்து இருந்தால் ஹால் டிக்கெட். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது, இந்த வருஷமே பாஸ் பண்ணினால்தான் என்ற நிபந்தனையோடு. பதினான்கு கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பதினைந்தாவது விசேஷம் ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மறுநாள் திங்கட்கிழமை ஹால் டிக்கெட்டுக்குக் கடைசி நாள்.

காண்ட்ராக்டர் குணசேகரன். வெள்ளை வேட்டி, தோளில் ஈரிழைத் துண்டு, நெற்றியில் குங்குமம். அந்த வட்டாரத்தில் அவர் சாம்பாருக்கென்றே கல்யாணத்துக்குத் தேதி தள்ளிவைப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். உப்பை மூக்காலேயே கண்டுபிடிப்பாராம். வாயில் வைத்துப் பார்ப்பதெல்லாம் தெரியாதவன் வேலையாம்.

சுடர்விழியும் அவள் வகுப்பில் படிக்கிற ராம்கியும் காலையிலேயே போய் நின்றார்கள். ராம்கியிடம் அவர், "வாடா தம்பி, அப்பா சௌக்கியமா?" என்றார். இவளிடம் திரும்பினார்.

"எந்த ஊரு பாப்பா?"

ஊரைச் சொன்னாள்.

"அதுல எந்தத் தெரு?"

இந்தப் பக்கத்தில் யாரும் கடிதம் போடுவதற்காக இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சின்ன வயசில் அப்பா, ஸ்கூல் பக்கம், வாய்க்கால் பக்கம் என்று என்னென்னவோ சொல்லி மழுப்புவதைப் பார்த்திருக்கிறாள். காது சூடாகியது.

"காலனித் தெரு" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

"ம்" என்றார் குணசேகரன். ராம்கிக்குப் பாயச அடுப்பு. இவளுக்கு வாழை இலை துடைக்கிற வேலை.

துடைத்தாள். எழுநூறு இலை. கையெழுத்துக்காகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பார்த்தாள்: ராம்கி பாயசத்தை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான். குணசேகரன் அதைப் பார்த்துவிட்டு, "நாக்கு நீளம்டா ஒனக்கு! சக்கர போதுமா?" என்று முதுகில் தட்டினார். போதும் என்றான் ராம்கி. அவ்வளவுதான் விஷயம்.

பத்து மணிக்கு இரண்டாவது சாம்பார் அடுப்புக்காரருக்குச் சர்க்கரை குறைந்து தலை சுற்றிவிட்டது. குணசேகரன் நாலு பக்கமும் பார்த்தார். கையில் வேலை இல்லாதவள் இவள் ஒருத்திதான்.

"ஏ வெள்ளச் சட்ட! இங்க வா. இந்த அண்டாவக் கிண்டிக்கிட்டு இரு. அடி புடிச்சுச்சு, தொலைச்சுருவேன்."

நாற்பது லிட்டர் சாம்பார். பெரிய கரண்டி அவள் தோள் உயரம். சுடர்விழி அடி பிடிக்காமல், ஓரம் கருகாமல் சுற்றிச் சுற்றிக் கிண்டினாள். வாசனை பிரமாதமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கொதி அடங்கியதும் நீல நூல் ஸ்பூனால் எடுத்துச் சிவப்பு நூல் ஸ்பூனில் ஊற்றி ஊதி வாயில் வைத்தாள். பருப்பு இருந்தது, புளி இருந்தது, காரம் இருந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை.

"மாஸ்டர், இதுல உப்பு விழல."

"போட்டனே."

"மொத அண்டாவுல போட்டீங்க. இதுல இல்ல."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"ருசி பாத்தேன்."

குணசேகரன் கையிலிருந்த பெருங்காய டப்பாவைக் கீழே வைத்தார். "வாயில வச்சியா?"

"வாயில வைக்காம எப்புடி மாஸ்டர் ருசி பாக்குறது?"

"அடப்பாவி!" என்று அவர் போட்ட சத்தத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். "நாப்பது லிட்டர் சாம்பாரையும் எச்சி பண்ணிட்டு நிக்கிறா பாருங்கடா! நல்ல காரியம் நடக்குற எடத்துல... யாருடா இவள அடுப்புக்கிட்ட விட்டது?"

விட்டது அவர்தான். அதை யாரும் சொல்லவில்லை.

"மாஸ்டர், எடுத்த ஸ்பூன் வேற, வாயில வச்ச ஸ்பூன் வேற. இதோ பாருங்க. நீலம் பாத்திரத்துக்கு, செவப்பு..."

"படிப்புப் பேசாத! உங்க வூட்டுல வேணும்னா அப்புடித் திம்பீங்க. இங்க எச்சின்னா எச்சிதான்."

"அப்ப பாயசம்?" என்று கேட்டுவிட்டாள். "ராம்கி நக்கிப் பாத்தானே, அது எச்சில்லையா?"

ராம்கி தரையைப் பார்த்தான். குணசேகரனுக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆகிவிட்டது. பதில் சொல்ல முடியாதவர் செய்கிறதைத்தான் அவரும் செய்தார், இன்னும் சத்தம் போட்டார். அண்டாவைப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். இவளைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போகச் சொன்னார். கடைசியாக விரலை நீட்டிச் சொன்னார்:

"ஒன் லாக் புக்குல நீயே எழுது. வேஸ்டேஜ், சாம்பார் ஒரு அண்டா, என்னோட அசுத்தத்தால வீணாப் போச்சுன்னு. எழுதுனாத்தான் கையெழுத்து. இல்லன்னா அப்புடியே நடையக் கட்டு."

எழுதினால் கல்லூரியில் சுகாதாரத்துக்கு முட்டை மார்க். ஹால் டிக்கெட் கிடைத்தாலும் ஓட்டல்காரன் லாக் புக்கைப் புரட்டிப் பார்த்த உடனே வெளியே அனுப்புவான். எழுதாவிட்டால் ஹால் டிக்கெட்டே இல்லை. இரண்டு பக்கமும் சுவர். சுடர்விழி பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அம்சம், "ஒரு வரிதானடி. எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்றாள். "அப்பா மழையில நாத்துக் கட்டு சொமந்துக்கிட்டு இருக்காரு. மூணு வருஷம் பாழாப் போயிரக் கூடாதுடி."

"நீ பன்னெண்டு வருஷமா எழுதாமலே குடுத்தியேம்மா" என்றாள் சுடர்விழி.

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொல்லியாகிவிட்டது. "ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்சம் போனை வைத்தாள்.

பாத்திரம் தேய்த்தாள். நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்த தேய்ப்பில் ஒரு வாணலியின் கரி மொத்தமும் வந்துவிட்டது. நாலடி தள்ளி அந்தச் சாம்பார் அண்டா மூடிபோட்டு அப்படியே இருந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் கொட்டவில்லை. சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும் என்று மண்டப மானேஜர் சண்டைக்கு வருவார். வாய்க்கால்வரை தூக்கிப்போக அவர்களுக்கு நேரமில்லை.

முதல் பந்தி போனது. இரண்டாம் பந்தி போனது. அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டு ஜனம் மயிலாடுதுறையிலிருந்து வந்து இறங்கியது. ஒரு பஸ் என்று சொன்னவர்கள் மூன்று பஸ்ஸில் வந்தார்கள். மூன்றாம் பந்திக்கு இருநூறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் அண்டா அடி தெரிந்தது. புதிதாகப் பருப்பு வேகவைக்க எந்த ஊரில் நேரம் இருக்கிறது?

குணசேகரன் பின்கட்டுக்கு வந்தார். இவளைப் பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, எச்சில் சாம்பார் அண்டாவைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினார். சுடர்விழி கையில் நாரோடு அப்படியே நின்றுவிட்டாள். சிரிப்பு வரவில்லை. கண் இருட்டுகிற மாதிரி ஒரு கோபம் வந்தது. காலையில் அவள் எச்சில் தீட்டு. பகல் பன்னிரண்டரை மணிக்குப் பருப்பு இல்லையென்றதும் தீட்டு கழிந்துவிட்டதாக்கும்!

இரண்டு நிமிஷத்தில் ராம்கி வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"சுடர், உப்பு எவ்வளவு கொறஞ்சுதுன்னு கேக்குறாரு. கொஞ்சம் போட்ட மாதிரியும் இருக்காம், போடாத மாதிரியும் இருக்காம்."

"அவருக்குத்தான் மூக்கு இருக்கே."

"என்னைய வாயில வச்சுப் பாக்கச் சொன்னாரு. எச்சின்னு சொன்னீங்களே மாஸ்டர்னு கேட்டேன். அதுக்கப்பறம் பேசல. மத்தவங்களும் மாட்டேன்னுட்டாங்க."

அவன் அதைக் குத்தலாகக் கேட்டானா, நிஜமாகவே அருவருத்துக் கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவுமில்லை. "அவரையே வந்து கேக்கச் சொல்லு" என்றாள்.

வந்தார். வேறு வழி?

"உப்பு எவ்வளவு கொறஞ்சுது?"

"எதுல மாஸ்டர்?"

"சாம்பார்ல."

"எந்தச் சாம்பார்ல? கொட்டச் சொன்னீங்களே, அதுலயா?"

"வெளையாடாத புள்ள. இலை போட்டாச்சு."

"எச்சின்னீங்க. அசுத்தம்னீங்க. இத்தன பேரு முன்னாடி சொன்னீங்க. இப்ப என் நாக்குதான் வேணுமா ஒங்களுக்கு?"

குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாசலில் சாம்பார் சாம்பார் என்று குரல் வந்துகொண்டிருந்தது.

பத்துக் கை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்துக் கை கல்லுப்பு விழுந்தால் மூன்று பஸ் ஜனமும் இலையிலேயே துப்பும். குணசேகரன் பெயர் மயிலாடுதுறைவரை நாறும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தப் பத்து. ஆனால் அந்தச் சாம்பாரைக் கிண்டியது அவள். அடி பிடிக்காமல், தோள் கழன்றுபோக, அரை மணி நேரம் கிண்டியது அவள். இந்த ஆள்மேல் இருக்கிற ஆத்திரத்துக்கு நல்ல சாம்பாரை ஏன் கெடுக்கவேண்டும்?

"தள்ளுங்க. நான் போடுறேன்" என்று நாரை எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

தன் கையால் ஐந்து கை போட்டாள். கிண்டினாள். ஒரு கொதி வரவிட்டாள். அப்புறம் எல்லாரும் பார்க்க நீல ஸ்பூனால் எடுத்து, சிவப்பு ஸ்பூனில் ஊற்றி, வாயில் வைத்தாள். குணசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் அரைக் கை போட்டாள். திரும்ப எடுத்து, திரும்ப வாயில் வைத்தாள்.

"இப்ப சரியா இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

மூன்றாம் பந்தியில் சாம்பார் வாளி ஓடி ஓடித் திரும்பியது. எல்லாம் முடிந்து கடைசிப் பந்திக்குச் சமையல்காரர்கள் உட்கார்ந்தபோது மணி மூன்று. பெண்ணின் அப்பா மருதையனும் அவர்களோடு உட்கார்ந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவருக்கு அப்போதுதான் சாப்பிட நேரம் கிடைத்தது. நல்ல வாட்டசாட்டமான ஆள், தாராளமான குரல். குணசேகரனுக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார்.

சுடர்விழி உட்காரவில்லை. சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையாக ஊற்றி வந்தாள். குணசேகரன் இலைக்கு வந்ததும் அவர் சோற்றுக்கு மேல் கையை வைத்து மறைத்தார்.

"எனக்கு மோர் போதும்."

அவள் நகரவில்லை. வாளியோடு நின்றாள்.

மருதையன் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க மாஸ்டர், எடுத்த எடுப்புலயே மோருக்குப் போயிட்டீங்க? சம்பந்தி வூட்டுக்காரங்க இந்தச் சாம்பார மூணு வாட்டி கேட்டு வாங்கியிருக்காங்க. நீங்க என்னடான்னா... சாம்பார்ல ஏதும் கெடந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே கடகடவென்று சிரித்தார்.

"அய்யய்யோ! அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"பின்ன? கைய எடுங்க. ஊத்தும்மா நீ."

கை மெதுவாக விலகியது. சுடர்விழி ஒரு கரண்டி ஊற்றினாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். குணசேகரன் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். ராம்கி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். காய் நறுக்கிய பெண்கள் பார்த்தார்கள். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு அவர் விழுங்கினார்.

"உப்பு சரியா இருக்கா மாஸ்டர்?"

"ம்."

"காதுல விழல மாஸ்டர்."

மருதையன் பக்கத்தில் இருக்கிறார். "சரியா இருக்கு" என்றார் குணசேகரன்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து லாக் புக்கை எடுத்து விரித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாம்பார், இரண்டு அண்டா. வேஸ்டேஜ்: இல்லை. அந்த 'இல்லை'யை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தாள்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்றார் குணசேகரன்.

"எனக்குப் பஸ் போயிரும் மாஸ்டர்."

"போட்டுக் குடுங்க மாஸ்டர், புள்ள காலையிலேருந்து நிக்கிதுல்ல" என்றார் மருதையன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

குணசேகரன் அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள், காது இரண்டும் சிவந்து. பேனாவை இடது கையால் வாங்கி, கோணல்மாணலாக ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார்.

மறுநாள் கல்லூரியில் ஹெச்.ஓ.டி. சார் ராம்கி புக்கையும் அவள் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"என்னம்மா இது? ராம்கி புக்குல குணசேகரன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஒன்னோடதுல கோழி கிண்டுன மாதிரி இருக்கு. அவர்தான் போட்டாரா, இல்ல நீயே போட்டுக்கிட்டியா?"

"அவர்தான் சார். எடது கையால போட்டாரு."

"ஏன், வலது கைக்கு என்ன?"

"எச்சியா இருந்துச்சு சார்" என்றாள் சுடர்விழி.